பரீ மஞ்சு

கலாசிபாளையத்தில், பேட்டரிக் கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் இருக்கிறது என் கொடைக்கானல்.
ஏழு பக்கம், லேமினேட் செய்தது.
டீ கிளாஸ் வைத்து வைத்து
ஏரியின் மேல் ஒரு வட்டம் விழுந்திருக்கிறது.

இரண்டு இரவு, மூன்று பகல்.
வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு வண்டி.
தூண் பாறை, பைன் காடு, வெள்ளி அருவி
என்று கன்னடத்தில் சொல்வேன், தமிழில் சொல்வேன்,
உருதுவிலும் கொஞ்ச தூரம் நடப்பேன்.
போனதில்லை.

ஆனால் தெரியும்.
டால்பின் மூக்குக்கு இறங்கும் பாதையில்
வேர்கள்தான் படிகள், மூன்றாவது வளைவில் வழுக்கும்:
கோரமங்களா தம்பதி, கணுக்கால், ஆகஸ்ட்.
பேரிஜம் போக வனத்துறைச் சீட்டு
காலையிலேயே தீர்ந்துவிடும்:
ஜெயநகர், பதினொரு பேர், ஒரே கூச்சல்.
அட்டை எந்தப் புல்லில் ஏறும்,
குரங்கு எந்தக் கைப்பையைப் பறிக்கும்,
புகார் புகாராக
அந்த மலையை ஏறி முடித்தவள் நான்.

திங்கட்கிழமை ராஜாஜிநகர் சிவலிங்கையா பேசினார்.
"ஏனூ காணிசலில்ல மேடம். பரீ மஞ்சு."
தூண் பாறையில் மஞ்சு.
கோக்கர்ஸ் நடைபாதை நெடுக மஞ்சு.
பள்ளத்தாக்கில் கம்பிவேலி வரைக்கும் தெரிந்ததாம்,
அதற்கப்புறம் உலகமே இல்லையாம்.
நாலு பேர். பாதிப் பணமாவது வேண்டும்.

படிவத்தை எடுத்தேன்.
வண்டி பழுதுக்குக் கட்டம் உண்டு.
வெந்நீர் வராததற்கு, மூட்டைப்பூச்சிக்கு, நிலச்சரிவுக்கு,
பந்துக்கு இரண்டு கட்டம், பெங்களூர் அல்லவா.
மஞ்சுக்கு இல்லை.

ஒன்பதாம் வகுப்புச் செய்யுளின் ஓரத்தில்
பென்சிலால் எழுதியிருந்தேன்,
மஞ்சு: மேகம்.
அவருக்குப் பனிமூட்டம், எனக்கு மேகம்.
ஒரே சொல்லை ஆளுக்கொரு முனையில்
பிடித்துக்கொண்டிருந்தோம்.

"எப்படி இருந்தது சார்?"
படிவத்தில் இல்லாத கேள்வி.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் குக்கர் விசில்.
யாரோ டிவியை அணைத்தார்கள்.

"நனைந்த கம்பளி வாசனை," என்றார்.
"இவள் முன்னால் நடந்தாள்.
நாலடி போனதும் ஆளைக் காணோம்.
பேர் சொல்லிக் கூப்பிட்டேன் மேடம்.
முப்பது வருஷத்தில் கூப்பிட்டதில்லை.
கிரிஜா, கிரிஜா என்று, சின்னப் பையன் மாதிரி.
கை எட்டும் தூரத்தில்தான்
சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்."

பிறகு ஞாபகம் வந்தவராக
சாட்சிக்குப் பதினோரு படம் அனுப்பினார்.
எல்லாம் வெள்ளை.
ஏழாவதில் மட்டும், கீழ் மூலையில்,
வாடாமல்லி நிறத்தில் ஒரு சால்வை ஓரம்.
இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தேன்.
கீழே யாரோ ஹாரன் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

'இதர காரணங்கள்' வரியில் மஞ்சு என்று எழுதினேன்.
முதலாளி வெகுநேரம் பார்த்தார்.
எண்ணூறு கொடுத்துத் தொலை என்றார்.

பணம் போய்ச் சேர்ந்த சாயங்காலம்
மறுபடி சிவலிங்கையா.
மஞ்சு நிச்சயமாக இருக்கும் மாதம் எது?
ஜூலை, என்றேன்.
இந்த முறை
இரண்டு டிக்கெட் போதுமாம்.