மீன் பூ

பூவைப் பார்த்துத்தான்
எங்கட பக்கம் மீன் வாங்குவார்கள்.
செவுளைத் தூக்கி
உள்ளே சிவப்பாய் மடிந்து கிடப்பதை
ஒற்றை விரலால் விரித்து
"நேத்தையதா மச்சான்?" என்று முகம் சுளிப்பார்கள்.
வெட்டிக் கொடுக்கும்போது
முதலில் காகத்துக்குப் போவதும் அந்தப் பூதான்.

சாய்ந்தமருதுக் கரையில் எடுத்து
மாளிகைக்காடு, காரைதீவு என்று விற்று முடித்து
பெட்டி கட்டின மோட்டார் சைக்கிளில் வீடு வந்தால்
கிணற்றடியில்
தேசிக்காய், சவர்க்காரம், மறுபடி தேசிக்காய்.
இருபத்தாறு வருஷம்
மீனை வெளியில் கழற்றி வைத்துவிட்டுத்தான்
வீட்டுக்குள் போனவன் நான்.

மாரி முடிந்த ஒரு நாள்
ஹாஜறா கேட்டாள்:
"குடலையும் பூவையும் எறியாதீங்க.
எனக்கு வேணும்."

விவசாயப் போதனாசிரியரின் ஒரு பகல் வகுப்பு,
கொப்பியில் பென்சில் எழுத்து:
கழிவு ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ,
இருபத்தொரு நாள் நிழல்.
மாடித் தட்டில் பதினொரு பெயின்ட் வாளி றோசா
கடற்காற்றின் உப்பில் மஞ்சளித்து நின்றது.
"வேர் வாங்காட்டி என்ன,
இலை வாங்கும்" என்றாள்.
ஐஸ்கிரீம் வாளி மூடியை
பின்னேரம் ஒருக்காத் திறந்து காற்றை விட
பக்கத்து வீட்டு மசாஹிறா
மதிலுக்கு மேலால்
சாம்பிராணிப் புகை அனுப்பினாள்.

ஒரு கிழமை நாற்றம்.
மறுகா ஒரு புளிப்பு.
மறுகா, மூக்கை வைத்துப் பார்த்தேன்,
மீன் இல்லை.
பழுத்து விழுந்த ஏதோ ஒரு பழம் மாதிரி.
எனக்குக் கொஞ்சம் மனவருத்தமாகவும் இருந்தது.

அக்கரைப்பற்றில் மகளுக்குப் பிள்ளை கிடைத்தது.
பத்து நாள் போனாள்.
வான் ஏறும்போதும் அதே கதை:
"சுபஹுக்குப் பிறகு, வெயில் ஏற முதல்.
இலைக்கு வாய் அடிப்பக்கம், அங்க அடிங்க.
லீற்றருக்கு ரெண்டு கரண்டி.
ரெண்டு."

என்ட கை
தராசில் நிறுத்த பிறகு
இன்னும் ரெண்டு சூடை அள்ளிப் போடுகிற கை.
அப்படித்தான் இவ்வளவு வாடிக்கை பிடித்தேன்.
அண்டைக்குத் தோணியும் பிந்தி வந்தது.
உச்சி வெயிலுக்குள் நின்று
மேலும் கீழும் சொட்டச் சொட்ட அடித்தேன்.
குடிக்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் இலையோரம் எல்லாம்
பொரித்த மீனின் வால் மாதிரிக் கருகியிருந்தது.

மீன் வெட்டுகிற கத்தரிக்கோலால்
கருகினதை எல்லாம் நறுக்கினேன்.
நறுக்க நறுக்க மொட்டையானது.
நறுக்கினதைப் பெட்டியில் போட்டு
காரைதீவுச் சந்திக்கு அங்கால் கொண்டுபோய்க் கொட்டினேன்,
களவெடுத்தவன் மாதிரி.

வந்தவள்
பிள்ளையின் படத்தைப் போனில் காட்டிவிட்டு மேலே போனாள்.
பின்னால் போனேன்.
மூன்றாவது வாளியில் குனிந்தாள்.
வெட்டின தண்டில் ஒட்டிக் காய்ந்திருந்த செதிள் ஒன்றை
நகத்தால் உரித்து
வெயிலுக்குப் பிடித்தாள்.
"எத்தனை கரண்டி?"
"ரெண்டு."
அவள் அசையவில்லை.
"மறுகா?"
"மறுகா... ரெண்டு."

சிரித்தாளா என்று தெரியாது.
முந்தானை வாயில் இருந்தது.

மூன்று செடி வரவேயில்லை.
மற்றதெல்லாம் நறுக்கின இடத்தில்
சிவப்பாய்த் துளிர் விட்டு
இப்போது இருக்கின்றன, பரவாயில்லை.
விடியலில் அவள் இலையைத் திருப்பிப் பிடிக்க
நான் விசிறுகிறேன்.
கரண்டி அவள் கையில்.

இன்று காரைதீவில்
தவமலர் டீச்சருக்கு அரைக்கிலோ பாரை வெட்டி
குடலையும் பூவையும் வழித்துத் தனிப் பையில் கட்டினேன்.
பார்த்துக்கொண்டு நின்றா.
"இதையும் விக்கிறீங்களோ இப்ப?"

"இல்ல டீச்சர்," என்றேன்.
"பூ வீட்டுக்கு."