முழங்கால் அளவு

போர்ட்ஸ்மவுத்தில் ஒரு மாடி அறை.
ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, பகலிலும் விளக்கு.
என் மேசையில் இன்று நாற்பத்தொரு கடற்கரைகள்:
போருக்கு முன் விடுமுறைக்குப் போனவர்கள்
உறையிலிட்டு அனுப்பிய படங்கள்.
எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லவில்லை.
எந்தக் கரை வேண்டும் என்று
எனக்கே போன வாரம்தான் சொன்னார்கள்.

நாளிதழைப் போர்த்திக்கொண்டு தூங்கும் ஒருவர்.
தொப்பியைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுச் சிரிக்கும் இருவர்.
பிறகு அந்தப் பையன்:
கோடு போட்ட நீச்சலுடை, கையில் நண்டு,
முழங்கால்வரை பிரெஞ்சுக் கடல்.
பின்னால் மங்கலாய்த் தடுப்புச் சுவர்.
படத்தின் முதுகில் பென்சிலில்,
"செட்ரிக், ஏழு வயது. தயவுசெய்து திருப்பி அனுப்பவும்.
வேறு படம் இல்லை."

ஏழு வயதுப் பையனின் முழங்கால் எத்தனை அங்குல உயரம்?
பள்ளி மருத்துவர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன்.
பதின்மூன்று என்றார். ஏன் என்றார்.
வைத்துவிட்டேன்.
சுவரிலிருந்து அவன் நிற்கும் இடம் அறுபது கஜம்.
இனி வெறும் வகுத்தல்தான்:
படகு எங்கே தரைதட்டும்,
மூட்டை சுமந்தவன் எங்கே குதித்தால்
தலை வெளியே இருக்கும்.

பிரிகேடியர் ஹாலிட் இரவு ஒன்பதுக்கு வந்தார்.
அலை ஓய்ந்து கடலாடும் கதையெல்லாம் வேண்டாம் என்று
வானிலைக்காரரிடம் கத்திவிட்டு வந்தவர்
என்னிடம் மெதுவாகக் கேட்டார்:
"இவன் எம்பி நிற்கிறானா?"

அது எனக்குத் தோன்றவேயில்லை.
பூதக்கண்ணாடியில் தேடினோம். பாதம் தண்ணீருக்குள்.
நண்டைப் படமெடுப்பவருக்குக் காட்ட
குதிகாலை உயர்த்தியும் இருக்கலாம்.
அவர் காலணியைக் கழற்றினார்.
வரைபடங்களுக்கு நடுவே எம்பி நின்றார்.
நான் அளவுகோலோடு மண்டியிட்டேன்.
காலுறையில் ஓர் ஓட்டை, கட்டைவிரல் பக்கம்.
பையனின் பாதத்துக்குக் குறைத்துப் பார்த்தால்
இரண்டு அங்குலம்.

"எம்பி நிற்கிறான் என்றே எழுது."
"இல்லையென்றால், சார்?"
"இல்லையென்றால் என் பெயரை எழுது."
எழுதினேன். கையெழுத்துப் போட்டார்,
இன்னமும் காலணி போடாமல்.

ஜூனில் தாள்கள் வந்தன.
எங்கள் பகுதியில் ஆழம் சரியாக இருந்தது.
ஆழத்தால் ஒருவரும் சாகவில்லை.
சுவரிலிருந்து அறுபது கஜத்துக்குள்
மற்றவற்றால் செத்தார்கள்.

படங்களைத் திருப்பி அனுப்பும் வேலை எனக்கு.
செட்ரிக்கின் முழங்காலில் ஒரு குண்டூசித் துளை,
வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.
சேதத்துக்கு வருந்துகிறோம் என்று எழுதினேன்.
அதன் கீழே, என்னையறியாமல்,
அன்று உங்கள் பையன் எம்பி நின்றானா என்றும்.

கிழித்துவிட்டு
வேறு தாள் எடுத்தேன்.