ஐந்து லட்சத்துக்குள்

நிலக்கரி ரசீதின் பின்பக்கத்தில்
பட்டியல் எழுதினேன்.
தலைப்பில்: ஐந்து லட்சம் துக்ரிக்.
அடியில் இரண்டு கோடு.
விரலுக்குத் தகுந்த வீக்கம்.

கிராபிக்ஸ் கார்டு என்று எழுதி அடித்தேன்.
மூன்று கடைகளின் வரவு செலவு,
செல்மெக்கின் பள்ளிப் பாடம்,
அரசாங்கப் படிவங்கள்,
எப்போதாவது ஒரு படம்,
அதிலும் பாதியில் தூங்கிப்போவேன்.
இதற்கு எதற்குத் தனியாக ஒரு சூளை?

உலான்பத்தார் சந்தையில் தோர்ஜ்சுரென்
புதியதைத்தான் முதலில் காட்டினான்.
பக்கமெல்லாம் கண்ணாடி, உள்ளே வானவில் விளக்கு.
"விளக்கு மட்டும் எவ்வளவு?" என்றேன்.
சிரித்துவிட்டு, மேசைக்கடியிலிருந்து
மூடிப்போன கடன் நிறுவனமொன்றின் பெட்டியைக்
காலால் தள்ளினான்.

ஒன்பது வயதுப் பெட்டி.
மதர்போர்டு சரி, பிராசஸர் சரி,
நினைவகம் இரண்டு துண்டு.
முனகிக்கொண்டு சுழன்ற பழைய டிஸ்க்கைக் கழற்றச் சொல்லி
உள்ளங்கைக்குள் அடங்கும் புதிய ஒன்றைச் சேர்த்தேன்.
பவர் சப்ளையும் புதிதாகக் கேட்டேன்.
"அதில்தான் எல்லாரும் மிச்சம் பிடிப்பார்கள்" என்றான்.
எங்கள் மேட்டுத் தெருவின் மின்சாரம்
அவனுக்குத் தெரியாது.

நாலு லட்சத்து எண்பத்தேழாயிரம்.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
எழுந்து இடம் கொடுத்தவர்
உள்ளே என்ன என்று கேட்கவில்லை,
ஏதோ உயிருள்ளது என்று நினைத்திருப்பார்.

வந்ததும் திறக்கக் கூடாது.
குளிரில் நனைந்த இரும்பு
அடுப்பைக் கண்டதும் வியர்க்கும்.
வியர்த்த பலகையில் மின்சாரம் ஓடினால்
ஒரு பொறி, ஒரு நாற்றம்,
பட்டியலில் மறுபடியும் முதல் வரி.
அதனால் முதலில் கதவோரம்,
பிறகு கட்டிலோரம்,
பிறகுதான் நடுக் கூடாரம்.
பனியில் ஈன்ற குட்டியை
இப்படித்தான் சூட்டுக்குப் பழக்குவோம்.
பத்து நிமிடத்துக்கு ஒருதரம்
செல்மெக் தொட்டுப் பார்த்தாள்.
"இன்னும் ஜில்லுன்னுதான் இருக்கு."

ஈரத்தைத் துணியால் ஒற்றும்போது
முதுகில் ஒரு ஸ்டிக்கர் தெரிந்தது:
கவுண்டர் 3.

அந்தக் கவுண்டர் எனக்குத் தெரியும்.
தையல் இயந்திரக் கடனுக்காக
நாற்பது நிமிடம் இதன் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.
அந்தப் பக்கம் இருந்த பெண்
எதையோ தட்டினாள், காத்திருந்தாள்,
மறுபடி தட்டினாள்.
"கம்ப்யூட்டர் ஏற்கவில்லை, அக்கா" என்றாள்.

நீதானா அது?

ஒன்பது மணிக்கு மேல் கரண்டு மலிவு.
கையிலிருந்த பொறி இறங்கட்டுமென்று
பெட்டியின் வெற்று இரும்பைத் தொட்டுவிட்டு
ஒவ்வொன்றாய்ச் செருகினேன்.
அழுத்தினேன்.
விசிறி சுற்றியது, திரை கறுப்பு,
மூன்று முறை கீச்சிட்டு நின்றது.

ஏற்கவில்லை.

ஒரு நினைவகத் துண்டை உருவிவிட்டுப் பார்த்தேன்,
கீச்.
மற்றதை உருவிவிட்டுப் பார்த்தேன்,
சத்தமில்லை, வெளிச்சம்.
கீச்சிட வைத்ததன் தங்கப் பற்களை
செல்மெக்கின் பென்சில் ரப்பரால்
மெதுவாக, ஸ்ட்ராபெரி வாசனையோடு, தேய்த்தேன்.
ஊதினேன். செருகினேன்.
இரண்டும் வேலை செய்தன.

ஸ்டிக்கரை உரிக்கவில்லை.
உரித்தால் பசை நிற்கும்.

மூலையில் தேதி மட்டும் தப்பு:
2015, ஜனவரி ஒன்று.
உள்ளே நாணயம் போல ஒரு பேட்டரி
எப்போதோ செத்திருக்கிறது.
பட்டியலில் எழுத மறந்த ஒரே சாமான்,
ஒரு பன் விலை.
அது இல்லாமல் எந்த இணையதளமும்
எங்களை உள்ளே விடவில்லை.
எதிர்காலத்திலிருந்து வந்த தாள் எதையும்
பெட்டி நம்பவில்லை.

"அப்ப நான் எங்கே?" என்றாள் செல்மெக்.
"நீ இன்னும் பிறக்கவில்லை."

ஒரு வாரமாயிற்று.
தினமும் ஒன்பது மணிக்கு, கையால்,
வருடத்தை ஒவ்வொன்றாக ஏற்றுகிறேன்.
அவள் வருடம் வந்ததும்
போர்வைக்குள்ளிருந்து கத்துகிறாள்,
"பொறந்துட்டேன்!"

இன்றும் பேட்டரிக் கடையைத் தாண்டித்தான் வந்தேன்.
சில்லறையும் இருந்தது.