மீதி ஏழு

டுலூத் துறைமுகம் உறைந்து பதினோராம் நாள்.
கார்வின் வீட்டு நிலவறை. சலவை இயந்திரத்துக்கு முன்னால்
மடக்கு மேசை, நான்கு நாற்காலி.
நான்காவது, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளி.

கல்பூதம் பாலத்தை மறித்தது.
என் வனமந்திரக்காரி இல்வெட்டுக்கு வேறு வழியில்லை.
‘கரடியாகிறேன்’ என்றேன்.
உடனே எல்லோரும் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.
தெரியும் அவர்களுக்கு,
நான் கூடு விட்டுக் கூடு பாய
இருபது நிமிடமும் ஒரு ரப்பரும் வேண்டும்.

உடம்பு முதலில்.
வலிமை எட்டை அழித்துப் பத்தொன்பது.
லாவகம் பதினான்கு இறங்கிப் பத்து.
தாக்குப்பிடிப்பு பதினாறு, கரடியிடம் இரவல்.
அறிவு, விவேகம், வசீகரம்
இந்த மூன்றில் மட்டும் ரப்பர் படக்கூடாது.
வீடு மாறும்போது லாரியில் ஏற்றாமல்
மடியிலேயே வைத்துக்கொண்டு போகும்
கண்ணாடிச் சாமான் அவை.

‘உன் கவசம்?’ என்றான் லோவெல்.
ரோமத்துக்குள் கரைந்துவிட்டது.
‘போன மாதம் சாபத்தில் போன வலது கண்?’
அது யாருக்கும் தெரியவில்லை.
கண் உடம்பைச் சேர்ந்ததா, சாபத்தைச் சேர்ந்ததா
என்று மார்யெட்டா கேட்க
கார்வின் பகடையை உருட்டினான். பதினேழு.
கரடிக்கு இரண்டு கண்.

ஓசைப்படாமல் நடக்கும் பயிற்சி என்னுடையது,
பாதம் கரடியுடையது.
இரண்டையும் கூட்டினால் மூன்று.
முந்நூறு கிலோவுக்கு அது மோசமில்லை.

அழித்து அழித்து எழுதியதில்
வலிமைக் கட்டத்தில் தாள் கிழிந்து
மேசை தெரிந்தது.

எங்கள் மேசையில் ஒரு சட்டம் உண்டு:
விலங்கானவர் பேசக்கூடாது, எழுதவும் கூடாது.
கார்வின் என் பென்சிலை வாங்கித்
தன் காதில் செருகிக்கொண்டான்.
நான் இரும்புத்தாதுக் கப்பல்களுக்கு
எடைச்சீட்டு எழுதுகிறவள்.
பென்சில் இல்லாத கையை எங்கே வைப்பதென்று
கொஞ்ச நேரம் விளங்கவில்லை.

பூதம் ஓங்கி ஒன்று விட்டது.
நாற்பத்தொன்று.

கரடிக்கு உயிர் முப்பத்துநான்கு.
அதற்குள் ஒளிந்திருக்கும் இல்வெட்டுக்குப் பத்தொன்பது.
‘பத்தொன்பதில் நாற்பத்தொன்று போகாது,
செத்தாள்’ என்றான் கார்வின், வருத்தமாகத்தான்.
‘அதெப்படி’ என்று எழுந்தாள் மார்யெட்டா.
‘அடி வாங்கியது கரடி. கரடி விழும்,
இவள் கீறல் இல்லாமல் வெளியே வருவாள்.’
வாதம் உலர்த்தி சுற்றி முடியும்வரை நடந்தது.
மார்யெட்டா எட்டு வயதிலிருந்து
அண்ணன்மாரோடு வழக்காடி வளர்ந்தவள்.
கார்வின் தலையைச் சொறிந்தான்.
‘சரி, கீறல் இல்லை’ என்று எழுதப் போனான்.

பேசாமல் இருந்திருக்கலாம்.
பேசாமல்தானே இருக்க வேண்டும்.

கையை மடக்கி மேசையில் ஒரு குத்து.
சிப்ஸ் துள்ளியது.
இன்னொன்று. இன்னொன்று.
‘கரடிக்குக் கோபம்’ என்றான் லோவெல்.
நான்கு. ஐந்து.
‘இல்லை இல்லை, எண்ணு’ என்றாள் மார்யெட்டா.
ஆறு.
ஏழு.
நிறுத்திவிட்டு என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

நாற்பத்தொன்றில் முப்பத்துநான்கு கரடியோடு போயிற்று.
மீதி ஏழு என் பற்று.

‘உனக்கு எதிராகவா கணக்குச் சொல்கிறாய்?’
மார்யெட்டாவுக்குத் தாங்கவில்லை.
அவள் வென்ற வழக்கு அது.

கார்வின் காதிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினான்.
பாலத்தின் மேல் ஒரு சின்னப் பெண்ணாக,
உதட்டில் ரத்தத்தோடு எழுந்தேன்.
பூதம் இன்னும் அங்கேதான் நின்றது.
உயிர் பன்னிரண்டு.
லாவகம் மறுபடி பதினான்கு.
வலது கண் குருடு.
வலிமை எட்டு என்று எழுத
இடமில்லை அங்கே.
ஓட்டைக்குப் பக்கத்தில்
சின்னதாக எழுதிக்கொண்டேன்.