கட்டைவிரலின் விலை

ஞாயிறு மாலை மைலோ டின்னைக் கவிழ்த்தேன்.
பதினொரு வருடத்து உறைகள்
மேசையில் சரிந்தன.
பாதியை நாங்கள் பிரித்ததே இல்லை.

மாதம் ஐந்நூற்று எண்பது வெள்ளி.
ஈசூனில் மூவறை வீடு,
நவநீதன் ஓட்டுவது வாடகைக் கார்,
ஓட்டாத நாளிலும் அது காசு தின்னும்.
எதையாவது நிறுத்தியாக வேண்டும்.
எதை என்பதுதான் பேச்சு.

முதலில் தீ.
ஐந்து வருடத்துக்கும் சேர்த்து
ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான்.
சுவருக்கு உண்டு, கதவுக்கு உண்டு,
சுவரில் தொங்கும் கல்யாணப் படத்துக்கு இல்லை.
"போகட்டும், அதில் நான் கண்ணை மூடியிருக்கேன்" என்றான்.
வைத்துக்கொண்டோம்.

ஆஸ்பத்திரிக்கு வாக்குவாதமே இல்லை.
பக்கத்து வீட்டு ரோஸ்லான்
பித்தப்பைக் கல்லோடு உள்ளே போனவர்
வெளியே வந்து கல்லைக் காட்டவில்லை,
பில்லைத்தான் காட்டினார்.
ஆனால் தனியறைக்கென்று மேலே ஒரு தொகை?
ஆறு கட்டில் வார்டில்தான்
மதிவதனியைப் பெற்றேன்.
குளிரில் நடுங்கிய இரவு
எதிர்க் கட்டில்காரி, பெயர்கூடக் கேட்கவில்லை,
தன் காலுறையைக் கழற்றித் தந்தாள்.
தனியறையில் யார் தருவார்?
அடித்தோம்.

அடுத்த உறை விபத்து.
உள்ளே ஓர் அட்டவணை.
ஒரு கண்ணுக்குப் பாதி,
இரண்டும் போனால் முழுசு.
கட்டைவிரலுக்கு ஒரு விலை,
சுண்டுவிரலுக்கு அதில் கால்வாசி.
வலது கை உசத்தி,
இடது கை மலிவு.

பேரங்காடியின் மீன் பகுதியில்
நானும் இப்படித்தான் எழுதி ஒட்டுகிறேன்:
தலை தனி, நடுத்துண்டு தனி,
வால் எடுப்பவருக்குத் தள்ளுபடி.
ஒன்பது வருடமாய் வெட்டுகிறேன்,
ஒரு கீறல் இல்லை.
இன்று இந்த உறையைப் பிரிக்கையில்
காகித விளிம்பு கட்டைவிரலைக் கிழித்தது.
இடது கட்டைவிரல்.
நான் இடதுகைக்காரி.
என்னைக் கேட்காமலே
என் பிழைப்புக்கு மலிவு விலை போட்டுவிட்டார்கள்.
நிறுத்து என்றேன்.
யோசிச்சு சொல் என்றான்.
ரத்தத்தைச் சப்பிக்கொண்டே யோசித்தேன்.
நிறுத்தினோம்.

போன் கண்ணாடிக்கு மாதம் எட்டு வெள்ளி.
கேலி செய்யத்தான் வாயெடுத்தேன்.
"அது உடைஞ்சா அன்னைக்கு சவாரி இல்ல" என்றான்.
வாயை மூடிக்கொண்டேன்.
என் விரலைவிட அவன் போனுக்கு நியாயம் அதிகம்.
இருக்கட்டும்.

மிச்சம் பெரிய உறை.
சேமிப்பும் ஆச்சு, காப்பும் ஆச்சு,
ஒரே கல்லில் ரெண்டு மாங்காய் என்று
எம்ஆர்டி வாசலில் மேசை போட்டு
என்னோடு படித்த ஷூ மின் விற்றது.
அப்போது எனக்கு ஏழு மாதம்,
நிற்க முடியாமல் கையெழுத்துப் போட்டேன்.
ஒரு குடையும் கொடுத்தாள்.
கல் போய்க்கொண்டே இருக்கிறது,
மாங்காய் இரண்டும் மரத்திலேயே.
இன்று நிறுத்தினால்
கட்டியதில் முக்கால்தான் திரும்பும்.

அவளுக்கே போன் செய்தேன்.
"நீ உனக்கு இதை வாங்கியிருக்கியா?"
அந்தப் பக்கம் கோப்பிக் கடைச் சத்தம்,
யாரோ தே ஓ கேட்டார்கள்,
யாரோ நாற்காலி இழுத்தார்கள்.
"படிவம் அனுப்பறேன் லா" என்றாள்.

போட்ட காசுக்கு அழுதால்
போடப்போகும் காசும் சேர்ந்து அழும்.
ஆனாலும் அழுகை வந்தது, கொஞ்சம்.
குடை மட்டும் இன்னும் கிழியவில்லை.

கடைசியாய் ஒற்றைத் தாள்.
அவன் உயிருக்கு மட்டும்,
அறுபத்தைந்து வயது வரை.
அதற்குமேல் இருந்தால் ஒரு காசும் வராது.

இரவுச் சவாரிக்குக் கிளம்பியவன்
மின்தூக்கிக் கதவைக் காலால் மறித்துக்கொண்டு கேட்டான்:
"அப்ப நான் சாகலைன்னா
கட்டினதெல்லாம் நஷ்டமா?"
"ஆமா, முழு நஷ்டம்."
"சரி, நஷ்டப்படுவோம்."

கதவு மூடியது.
எட்டு, ஏழு, ஆறு என்று
எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே
கட்டைவிரலுக்கு பிளாஸ்டர் ஒட்டினேன்.