தட்டிப் பார்த்தல்

இருபத்திரண்டு வருசம்
கீழவளவுப் பக்கம் பாறைக்குக் குழி போட்டவன் நான்.
என் வாயில் குழி போட
கே.கே. நகரில், மூன்றாவது மாடியில்,
மரத்துப்போன தாடையோடு மல்லாந்து கிடந்தேன்.

ராடு எகிறிய அன்றைக்குப் போன பல்,
கீழ்வரிசை, இடப்பக்கம்.
சல்லியோடு சல்லியாகக் கிடக்கும்.
யாரும் தேடவில்லை, நானும்தான்.
அப்புறம் குவாரியே நின்றுபோனது.
இப்போது ஓர் அடுக்குமாடி வாசலில்
விசிலும் நாற்காலியும்.

எக்ஸ்ரேயைக் காட்டி டாக்டர் பெனிட்டா சொன்னார்:
பல்லில்லாத இடத்தில் எலும்புக்கு வேலை இல்லை,
வேலை இல்லாத எலும்பு தேயும்.
எனக்குத் தெரியாதா அது.

பக்கத்துப் பல் இரண்டையும் அரைத்து
மேலே பாலம் கட்டலாம் என்றார்.
அவை என்ன தப்புச் செய்தன?
கழற்றி மாட்டும் செட்டும் உண்டு.
என் சித்தப்பா சேவுகனின் செட்டு
பந்தியில் பாயசத்துக்குள் விழுந்ததை
ஊரே பார்த்தது. வேண்டாம்.
மூன்றாவது வழி,
எலும்புக்குள் ஒரு திருகாணி.

முப்பத்தெட்டாயிரம்.
மீனாள் சீட்டைத் தள்ளி எடுத்துக் கொடுத்தாள்.
"ஒத்தப் பல்லுக்கா?" என்று கேட்ட மச்சினனை
அவள் பார்த்த பார்வைக்கு
முப்பத்திரண்டு பல் இருந்தது.

டிரில் ஓடியது.
அட, இவ்வளவு மெதுவாகவா!
என் மெஷின் பிடித்தால் நெஞ்சுக்கூடு சேர்ந்து ஆடும்,
சோறு தின்னும்போதும் கை நிற்காது.
இந்தப் பிள்ளை ஒல்லி ராடில் தொடங்கி
கொஞ்சம் தடித்தது, இன்னும் கொஞ்சம் தடித்தது என்று
மாற்றி மாற்றிப் போட்டது.
தண்ணீர் நிற்காமல் ஒழுகியது.
சூடேறினால் எலும்பு செத்துவிடுமாம்.
நாங்கள் தண்ணீர் விட்டது புழுதிக்கு,
அதுவும் ஆபீசர் வரும் நாளில் மட்டும்.
வாய் திறந்தபடி இருந்ததால் சொல்ல முடியவில்லை:
குழி நேராக விழுகிறது தாயி.

பிறகு நாலு மாசம்.
பீடி கூடாது, புகை பட்டால் எலும்பு பிடிக்காது.
சர்க்கரை ஏறக் கூடாது.
சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான்,
உள்ளே வேலை நடக்கும்.
கல்லில் ஆப்பு இறக்கினால் கல் பிளக்கும்.
எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.
எலும்பில் இரும்பை இறக்கினால்
(டைட்டானியம், என்று திருத்தினார்)
எலும்பு மெதுவாக நெருங்கி வந்து
நம்ம ஆள்தான் என்று பிடித்துக்கொள்ளுமாம்.
உயிருள்ள பாறையில் நான் குழி போட்டதில்லை.
எட்டுப் பேர் செத்திருக்கிறார்கள்
உயிரில்லாத பாறையில்.

ஐப்பசியில் திரும்பப் போனேன்.
கண்ணாடிக் கரண்டியின் காம்பால்
டாக்டர் ஒரு தட்டுத் தட்டினார்.
ணங்.
விரிசல் கண்ட கல் பொத்தென்னும்,
முழுக்கல் பதில் சொல்லும்.
அவர் வாய் திறக்குமுன் நான் தலையாட்டிவிட்டேன்:
பிடித்துவிட்டது.

மேலே வைக்கும் பல்லுக்கு நிறம் பார்க்க
பல் கோத்த அட்டையை வாயருகே நீட்டினார்.
புடவைக் கடை மாதிரி. வெள்ளையிலேயே பதினாறு.
என்னுடையது டீக்கறை ஏறியது,
கடைசிக்கு முந்தினது.

இதற்கு நரம்பு இல்லை.
ஐஸ் பட்டாலும் சொல்லாது, சொத்தையும் ஆகாது.
ஈறுதான் பார்த்துக்கொள்ள வேண்டும்,
ஈறு சீழ் பிடித்தால் எல்லாம் போச்சு.
என்னை எரித்த மறுநாள்
காடாத்துக்கு வரும் மகன் கையில்
சாம்பலுக்குள்ளிருந்து திருகாணி ஒன்று அகப்படும்.
அதற்குள் சீட்டாவது முடிந்திருக்க வேண்டும்.

நேற்று ஒத்தக்கடையில் கரும்பு வாங்கினேன்.
ஏழு வருசப் பழக்கம், வலப்பக்கமே போனது வாய்.
நாக்குத்தான் இடப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது.
கிளம்பும்போது டாக்டர் சொன்னது ஒரே வார்த்தை,
மெல்ல.
அவசரம் வேண்டாம் என்றாரா,
இது மெல்லத்தான் என்றாரா,
கேட்டுக்கொள்ளவில்லை.