மாதிரிக் காசு

எல்கோ, நெவாடா. அதிகாலை மூன்று பத்து.
நாற்பத்தியொன்றாம் இயந்திரத்தின் தலைவிளக்கு
மஞ்சளுக்குக் கீழே வெள்ளையாய்த் துடிக்கிறது:
யாரோ என்னை அழைக்கிறார்கள், அல்லது
ஏதோ மாட்டிக்கொண்டிருக்கிறது.
மஞ்சள் என்றால் கால் டாலர். நீலம் என்றால் முழு டாலர்.
ஜன்னலே இல்லாத இந்தக் கூடத்தில்
வானிலை என்று இருப்பது இவ்வளவுதான்.

சட்டைப்பையில் மாய்ட்டே இரிகோயன் என்று தைத்திருக்கிறது.
பெயரை யாரும் வாசிப்பதில்லை. சாவிக்கொத்தைப் பார்க்கிறார்கள்.

ஸ்டூலில் டெல்மர் ஹக்கபி.
தங்கச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவர், பகல் ஷிஃப்ட்;
நாலரைக்குப் பேருந்து. தூங்கிய முகம் இல்லை.
மடியில் காகிதக் குவளை, அதில் பாதிக்கும் கீழே காசு,
விரல் நுனியெல்லாம் நிக்கல் கறுப்பு.
"முழுங்கிடுச்சு," என்றார்,
நாயைப் பற்றிப் புகார் சொல்வதுபோல.

கதவைத் திறந்தேன்.
ஆடுகிறவர் உள்ளே பார்க்கக் கூடாது என்பது விதி.
அவர் நகரவில்லை. நானும் சொல்லவில்லை.

உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை:
சோக்கோடு முணுமுணுக்கும் ஒரு டியூப் லைட்.
மூன்று சக்கரங்கள், அவற்றைச் சுற்றி ஒட்டிய பட்டைகள்,
ஒவ்வொன்றின் பின்னாலும் மூன்று சின்ன பல்புகள்.
செர்ரிப்பழம் அப்படிச் சிவப்பது அதனால்தான்.
கீழே ஹாப்பர், காசை ஒவ்வொன்றாய் ஏற்றி எண்ணும் தொட்டி.
காசு விழும் தட்டு வேண்டுமென்றே மெல்லிய தகடு:
பத்து விழுந்தால் நூறு விழுந்த மாதிரி
அடுத்த வரிசைக்கும் கேட்க வேண்டும்.

"பல்பா?" என்றார்.
"பல்புதான்."
செர்ரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடைத்திருந்தது ஒரு நசுங்கிய காசு,
யாரோ ரயில் தண்டவாளத்தில் வைத்து எடுத்தது.
குறட்டால் இழுத்தேன்.
அப்போதுதான் அவர் விரல் நீண்டது:
"அதுக்கு மேலே? அது யார் காசு?"

இரண்டு கம்பிச்சுருளுக்கு நடுவே
இடுக்கியில் நிற்கும் ஒற்றைக் கால் டாலர்.
மாதிரி, என்றேன்.
போடுகிற ஒவ்வொன்றையும் இதோடு ஒப்பிடும்.
தொடாமலே உரைத்துப் பார்க்கும்.
ஒத்துப்போனால் உள்ளே.
இல்லையென்றால் செல்லாக்காசு, தட்டுக்கு.
இது மட்டும் செலவாகாது. ஜெயிக்காது. தோற்காது.

கேட்டார். கழற்றிக் கொடுத்தேன், ஏனென்று தெரியவில்லை.
வெளிச்சத்தில் சாய்த்து வருஷம் படித்தார்.
"எழுபத்திநாலு. நான் முதல் லாரியைக் கவிழ்த்த வருஷம்."

பல்பைச் சோதிக்கக் கதவை மூடினேன்.
மாதிரி அவர் இடது கையில்.
வலது கை, பழக்கம், ஒரு காசு போட்டது.

ணங்.
தட்டில் விழுந்தது.
இன்னொன்று. ணங்.
அதையே எடுத்து மறுபடி. ணங்.
ஒப்பிட ஆளில்லாத இயந்திரம்
எதையும் நம்பவில்லை, எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.
அவருக்குப் புரிந்தது. சிரிக்கத் தொடங்கினார்.
போட்டார், வந்தது, போட்டார், வந்தது,
வயிறு குலுங்க, கண்ணைத் துடைத்தபடி.
நான்கு ஸ்டூல் தள்ளி வெண்டலின் ஷோல்ஸ்
சிகரெட்டை எடுத்துவிட்டுத் திரும்பினாள்:
"எவ்வளவு அடிச்சாரு?"
அந்தத் தகட்டுக்கு வித்தியாசம் தெரியாது.

"இப்படியே விட்டுடேன்."
"இது பழுது, டெல்மர்."
"பழுதா? ராத்திரி பூரா இப்பதான்
இது நாணயமா நடந்துக்குது."

பதில் சொல்லவில்லை.
எதிர் வரிசையில் எரியாத பல்பு ஒன்று இருந்தது,
அதை மாற்றப் போனேன், நிதானமாக.

நான்கு மணிக்குக் குவளையைக் கவிழ்த்து
சட்டைப்பையில் நிரப்பிக்கொண்டார்,
குறையாத காசு.
மாதிரியை என் உள்ளங்கையில் வைத்தார்.
வாசல் திறந்தபோது கொஞ்சம் பனி உள்ளே வந்தது.

பார்த்தேன்: எண்பத்தியொன்று.

இடுக்கியில் பொருத்தினேன்.
சோதனைக்கு ஒன்று போட்டேன்.
சத்தமே இல்லாமல் எடுத்துக்கொண்டது.

பதிவேடு: நசுங்கிய காசு ஒன்று நீக்கப்பட்டது.
வேறு குறை இல்லை.